ஒரு பேப்பர் பாக்கி வச்சிருக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பாராட்டு

(நம் ஒன்றிய மாணவர் அணி நடத்திய முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பாராட்டு விழாவில், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியையும் மகளிர் அணித் தோழருமான ஒருவர் ஆற்றிய உரை. பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம். முழுசாப் படிங்க, தேவைப்படுறவங்களுக்குப் பகிருங்க.)



எனக்கு முன்னாடி நாலு பேர் பேசினாங்க. நாலு பேரும் 'கிராஜுவேட்', 'கிராஜுவேட்'னு சொன்னாங்க. டீச்சர் புத்தி போகுமா? உட்கார்ந்து எண்ணிக்கிட்டே இருந்தேன். பதினாலு தடவை. வாசல்ல இருக்கிற பேனர்ல அந்த வார்த்தையில ஒரு எழுத்து மாறியிருக்கு. 'டி' வர வேண்டிய இடத்துல 'ஜே' போட்டிருக்காங்க. அச்சடிச்ச தம்பியை யாரும் திட்டாதீங்க. இங்கிலீஷ்ல எழுதுறது 'டி', காதுல விழுறது 'ஜ'. காதுல விழுந்ததை அவர் எழுதியிருக்காரு. தப்பு அந்த மொழி மேலயும் பாதி இருக்கு.

எனக்குக் கொடுத்த நேரம் இருபது நிமிஷம். அதுல இந்த ஒரு வார்த்தையைப் பத்தி மட்டும் பேசிட்டு இறங்கிடறேன். இலக்கணப் பாடம்னு பயப்படாதீங்க. இந்த வார்த்தை ஒரு வீட்டுக்குள்ள என்ன பண்ணுச்சுன்னு கடைசியில சொல்றேன்.

லத்தீன் மொழியில் 'கிராடுஸ்' என்றால் படி. மாடிப்படி, வாசற்படி சொல்றோம் இல்லையா, அந்தப் படி. அதிலிருந்து வந்ததுதான் கிரேடு. அதிலிருந்து வந்ததுதான் கிராஜுவல், படிப்படியாகன்னு அர்த்தம். 'டிகிரி'யும் அதே வேர்தான், பிரெஞ்சு வழியா சுத்திக்கிட்டு வந்தது. பிளஸ் டூவில சயின்ஸ் குரூப் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும், கெமிஸ்ட்ரி லேப்ல கோடு போட்ட கண்ணாடிக் குழாய் ஒண்ணு இருக்கும். அதுக்குப் பேர் கிராஜுவேட்டட் சிலிண்டர். அது எந்தக் காலேஜ்லயும் படிக்கலை. படி படியா அளவுக்கோடு போட்டிருக்கு, அவ்வளவுதான்.

இப்போ நம்ம தமிழைப் பாருங்க. 'படி'ன்னா ஏறுகிற படி. 'படி'ன்னா புத்தகத்தை எடுத்துப் படி. 'படி'ன்னா அரிசி அளக்கிற படி. லத்தீன்காரன் ஒரே வேர்ல ஏறுறதையும், படிப்பையும், அளவையும் வச்சிருக்கான். நம்ம ஆளு அந்த மூணையும் ரெண்டே எழுத்துல வச்சிருக்கான். இது ரெண்டுக்கும் உறவு கிடையாது, தற்செயல்தான். "எல்லாம் தமிழிலிருந்து போனது"ன்னு உடனே வாட்ஸ்அப்ல போட்டுடாதீங்க, நான் அப்படிச் சொல்லலை. ஆனா சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைச்சதில்ல. முப்பது வருஷம் வகுப்புல இதைச் சொல்லியிருக்கேன்.

ஆனா பட்டதாரிங்கிற நம்ம சொல் படியிலிருந்து வரலை. 'பட்டம்'ங்கிறது நெற்றியில கட்டுற பொன் தகடு. ராஜாவுக்குப் பட்டம் கட்டுறதுன்னு சொல்றோம், பட்டத்து ராணி, பட்டத்து யானைன்னு சொல்றோம். இங்கிலீஷ்காரனுக்கு டிகிரி ஒரு படி. நமக்கு அது கிரீடம். ஏன் நம்ம வீட்டுல ஒரு பிள்ளை டிகிரி முடிச்சா தெருவே வந்து பார்க்குதுன்னு இதுலயே தெரியும். ஏறி முடிச்ச படிக்கு யாரும் மாலை போட மாட்டாங்க. கிரீடத்துக்குத்தான் போடுவாங்க.

இப்போ பயன்பாட்டுக்கு வர்றேன். இங்க இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் நாளைக்கு வேலைக்கு விண்ணப்பம் போடப் போறீங்க. மூணு இடத்துல நம்ம பிள்ளைங்க வழுக்குறாங்க.

முதலாவது, 'பாஸ் அவுட்'. "நான் 2023-ல பாஸ் அவுட் ஆனேன்"னு எழுதுறோம். நம்ம ஊர்ல எல்லாருக்கும் புரியும். ஆனா லண்டன்லயோ அமெரிக்காவிலயோ இருக்கிறவர் படிச்சா, "இந்தப் பையன் 2023-ல மயக்கம் போட்டு விழுந்தான்"னுதான் அவருக்குப் புரியும். நம்ம ஆளுங்க இதைச் சும்மா கண்டுபிடிக்கலை. ராணுவப் பயிற்சி முடிச்சு அதிகாரிகளா வெளியே வர்ற அணிவகுப்புக்குப் 'பாஸிங் அவுட் பரேடு'ன்னுதான் பேர். பரங்கிமலையில இருக்கிற பயிற்சி அகாடமியில இன்னைக்கும் அது நடக்குது. அந்தப் பட்டாள வார்த்தை காலேஜுக்குள்ள வந்துடுச்சு. பேசும்போது சொல்லுங்க, தப்பில்லை. வெளிநாட்டு விண்ணப்பத்துல மட்டும் 'கிராஜுவேட்டட்'னு எழுதுங்க, பக்கத்துல 'ஃப்ரம்' போட்டுக் காலேஜ் பேரை எழுதுங்க.

ரெண்டாவதுதான் ரொம்ப ஆபத்து. 'அண்டர்கிராஜுவேட்'. பி.எஸ்சி. முடிச்ச பிள்ளை, "யூ.ஜி. படிச்சேன், அதனால நான் அண்டர்கிராஜுவேட்"னு எழுதுது. அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இன்னும் பட்டம் வாங்காதவர், படிச்சுக்கிட்டு இருக்கிறவர்ங்கிறதுதான். மூணு வருஷம் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போய் முடிச்ச படிப்பை, ஒரே வார்த்தையில நாமே முடிக்கலைன்னு எழுதிக் கொடுக்கிறோம். படிப்பின் பேர் அண்டர்கிராஜுவேட் கோர்ஸ். அதை முடிச்ச ஆள் கிராஜுவேட். இதை மட்டும் நீங்க இன்னைக்கு ஞாபகம் வச்சிக்கிட்டாலே நான் வந்த பஸ் காசு வசூல்.

மூணாவது, நாட்டுக்கு நாடு அர்த்தம் மாறும். பிரிட்டன்லயும் நம்ம ஊர்லயும் கிராஜுவேட்னா பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினவர். அமெரிக்காவில பிளஸ் டூ அளவுக்கு முடிச்சவரையும் ஹைஸ்கூல் கிராஜுவேட்னு சொல்லுவாங்க. அங்க 'கிராஜுவேட் ஸ்கூல்'னா நம்ம முதுகலை. அதனால படிவத்துல என்ன கேட்கிறாங்கன்னு பார்த்து நிரப்புங்க. இப்போ நம்ம ஊர்ல யூ.கே.ஜி. குழந்தைக்குக் கறுப்பு கவுன் மாட்டி கிராஜுவேஷன் டேன்னு கொண்டாடுறாங்க. எங்க பக்கத்து வீட்டுல அதுக்குத் தனியா கவுன் வாடகை, போட்டோ காசுன்னு பள்ளிக்கூடத்துல வாங்கினாங்க. அந்தக் குழந்தை கவுனை மாட்டிக்கிட்டு அழுதுது. அதைப் பத்தித் தனிக் கூட்டம் போட்டுப் பேசலாம், இன்னைக்கு வேண்டாம்.

இலக்கணத்துல ஒரே ஒரு விஷயம் சொல்லணும். இங்கதான் அரசியல் இருக்கு.

"நான் கிராஜுவேட் ஆனேன்"னு இன்னைக்குச் சொல்றோம். ஏறினது நான். ஆனா பழைய இங்கிலீஷ்ல அப்படிச் சொல்ல மாட்டாங்க. "வாஸ் கிராஜுவேட்டட்"னு எழுதுவாங்க. அதாவது பல்கலைக்கழகம் அவனைப் படி ஏத்துச்சு. ஏத்துறது அது, ஏத்தப்படுறது இவன். அந்த வினைச்சொல் மாணவன் கையில இல்லை, நிறுவனத்தோட கையில இருந்துது. நீ எவ்வளவு படிச்சாலும், எவ்வளவு மார்க் வாங்கினாலும், அது உன்னை ஏத்தினாத்தான் நீ ஏறினவன்.

இது வெறும் இலக்கணம் இல்லைங்கிறதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். 1890-ம் வருஷம். இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். கணிதத் தேர்வுல முதலிடம் வர்றவருக்கு 'சீனியர் ராங்ளர்'னு பேர், நாட்டுக்கே பெரிய செய்தி. அந்த வருஷம் நியூன்ஹாம் கல்லூரியில படிச்ச பிலிப்பா ஃபாசெட்டுங்கிற பெண், அந்த முதலிடக்காரரை விட அதிக மதிப்பெண் வாங்கினாங்க. பெண்களுக்குத் தனிப் பட்டியல். அதுல அவங்க பேரைப் படிக்கும்போது 'சீனியர் ராங்ளருக்கு மேலே'ன்னு அறிவிச்சாங்க. மேலேன்னு அறிவிச்சாங்களே தவிர, பட்டம் கொடுக்கலை. ஏன்னா பெண்களுக்குப் பட்டம் கொடுக்கிற வழக்கம் அங்க இல்லை. பரீட்சை எழுதலாம், முதலிடத்தைத் தாண்டலாம், ஆனா கிராஜுவேட் கிடையாது.

1904-லிருந்து 1907 வரைக்கும் இன்னொரு கூத்து நடந்துது. அயர்லாந்துல டப்ளின் டிரினிட்டி கல்லூரி, கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டுல படிச்சு முடிச்ச பெண்களுக்கு நாங்க பட்டம் கொடுக்கிறோம்னு சொல்லுச்சு. நூத்துக்கணக்கான பெண்கள் கப்பல் ஏறிப் போய், கவுன் போட்டு, பட்டம் வாங்கிக்கிட்டு அடுத்த கப்பல்ல திரும்பி வந்தாங்க. 'நீராவிக் கப்பல் சீமாட்டிகள்'னு அவங்களுக்குப் பேரே வந்துடுச்சு. படிச்சது ஒரு இடம், பட்டம் இன்னொரு நாடு. ஆக்ஸ்போர்டு 1920-ல இறங்கி வந்துது. கேம்பிரிட்ஜ் எப்போ கொடுத்துது தெரியுமா? 1948-ல. அதே 1948-லதான் பிலிப்பா ஃபாசெட் இறந்தாங்க, எண்பது வயசுல.

இதுக்கு நடுவுல நம்ம பக்கம் பாருங்க. 1883-லயே கல்கத்தா பல்கலைக்கழகத்துல காதம்பினியும் சந்திரமுகி பாசுவும் பி.ஏ. பட்டம் வாங்கிட்டாங்க. பெத்தூன் கல்லூரிப் பிள்ளைகள். அடிமை நாட்டுல பெண் கிராஜுவேட் வந்து அறுபத்தஞ்சு வருஷம் கழிச்சு, ஆண்ட நாட்டு கேம்பிரிட்ஜ்ல பெண் கிராஜுவேட் வர்றாங்க. "நமக்கு எல்லாம் அவன்தான் கொடுத்தான்"னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க. சண்டை போட வேண்டாம், வருஷத்தை மட்டும் சொல்லுங்க.

அந்த வார்த்தைக்கு ஓட்டு கூட இருந்துது தோழர்களே. பிரிட்டன்ல பல்கலைக்கழகத் தொகுதின்னு தனியா வச்சு, பட்டதாரிக்கு ஊர்ல ஒரு ஓட்டு, பல்கலைக்கழகத்துக்காக இன்னொரு ஓட்டு. 1948-ல சட்டம் போட்டுத்தான் அதை எடுத்தாங்க. நம்ம அரசியல் சாசனத்திலும் 171-வது பிரிவு இருக்கு. சட்ட மேலவை இருக்கிற மாநிலத்துல பன்னிரண்டுல ஒரு பங்கு உறுப்பினர்களைப் பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கலாம். பட்டம் வாங்கி மூணு வருஷம் ஆகியிருக்கணும். நம்ம மாநிலத்துல 1986-ல மேலவையை எடுத்துட்டதால இங்க இருக்கிற இளைஞர்களுக்கு அது தெரியாது. கர்நாடகாவில, மகாராஷ்டிராவில இன்னைக்கும் பட்டதாரித் தொகுதித் தேர்தல் நடக்குது. அது சரியா தப்பாங்கிறதுல எனக்குத் தனிக் கருத்து இருக்கு. படிக்க வாய்ப்பு கிடைச்சவனுக்கு ஒரு ஓட்டு கூடுதலாக் கொடுக்கிறது எனக்கு ஒப்பாது. இது என் கருத்து, கட்சிக் கருத்துன்னு எடுத்துக்காதீங்க.

சரி, கடைசியா சொல்றேன்னு சொன்னேனே, அதுக்கு வர்றேன்.

எங்க சின்னம்மா. என்னைவிட வயசுல சின்னவங்க, உறவுமுறையில சின்னம்மா. 2000-ல பி.ஏ. வரலாறு சேர்ந்தாங்க. அவங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள். 2003-ல எல்லாப் பேப்பரும் முடிஞ்சுது, ஒண்ணே ஒண்ணு தவிர. என்ன பேப்பர்னு நினைக்கிறீங்க? இங்கிலீஷ். நான் இங்கிலீஷ் வாத்தியார், எங்க சின்னம்மாவுக்கு இங்கிலீஷ்ல அரியர். மறுபடி எழுதினாங்க, மூணு மார்க்ல போச்சு. கல்யாணம் ஆச்சு. வயித்துல பிள்ளையோட போய் ஒரு தடவை எழுதினாங்க. அதோட விட்டாச்சு.

அவங்க யார்கிட்டயும் பொய் சொல்லலை. ஆனா தெருவுல எல்லாரும் "பி.ஏ. படிச்ச பொண்ணு"ன்னுதான் சொல்லுவாங்க. சாயங்காலம் வீட்டுத் திண்ணையில பத்துப் பதினஞ்சு பிள்ளைகளுக்கு டியூஷன். அவங்க மகளும் "எங்கம்மா பி.ஏ."ன்னு பள்ளிக்கூடத்துல பெருமையாச் சொல்லிக்கிட்டுத்தான் வளர்ந்தா.

2021. மகளுக்குப் பொறியியல் கவுன்சலிங். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கணும். 2010-ல வந்த திட்டம் இது. குடும்பத்துல முதன்முதலா பட்டம் படிக்கிற பிள்ளைக்குத் தொழிற்கல்வியில கல்விக் கட்டணச் சலுகை. இங்க உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேர் அதை வாங்கித்தான் படிச்சிருப்பீங்க. அதுக்கு வீட்டுல தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாரும் பட்டதாரி இல்லைன்னு உறுதி கொடுக்கணும். அலுவலகத்துல அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? நேர்மையா, "எங்கம்மா பி.ஏ. சார், எனக்குக் கிடைக்காதுல்ல?"ன்னு கேட்டுடுச்சு.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்து, "ஏம்மா, நீங்க கிராஜுவேட்டா?"ன்னு சின்னம்மாவைக் கேட்டாரு. பின்னாடி வரிசையில இருபது பேர். தெருக்காரங்க ரெண்டு பேர். பக்கத்துல மகள். சின்னம்மா சொன்னாங்க, "இல்லைங்க. ஒரு பேப்பர் நிக்குது."

கையெழுத்துப் போட்டாங்க. சான்றிதழ் கிடைச்சுது. பொண்ணு படிச்சு முடிச்சுட்டா. மூணாவது வரிசையில நீலச் சுடிதார், அதான். எழுந்திருக்க வேண்டாம்மா, உட்காரு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லையாம். ராத்திரி சாப்பிடும்போது மகள்தான் கேட்டிருக்கா, "எத்தனை மார்க்ல போச்சும்மா?"ன்னு.

நான் ஏன் இதைச் சொல்றேன்? நம்ம மாநிலம் உயர்கல்வியில முன்னாடி இருக்குன்னு மேடைக்கு மேடை பேசுறோம். உண்மைதான். 2021-22 கணக்குப்படி 18-லிருந்து 23 வயசுக்கான உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவுல 28.4, தமிழ்நாட்டுல 47. பெருமைப்பட வேண்டிய எண். ஆனா அந்த எண்ணோட பேரை நல்லா கவனிங்க. சேர்க்கை. முதல் படியில கால் வச்சவங்க கணக்கு அது. கடைசிப் படியில நிக்கிறவங்க கணக்கு வேற. நடுவுல ஒரு பேப்பர், ரெண்டு பேப்பர்னு உட்கார்ந்திருக்கிறவங்க எத்தனை பேர்? நம்ம ஒன்றியத்துலயே ஒவ்வொரு தெருவுலயும் ரெண்டு பேர் இருப்பாங்க. வேலை விண்ணப்பத்துல அவங்க பிளஸ் டூ. டி.என்.பி.எஸ்.சி.யில பட்டம் கேட்கிற எந்தத் தேர்வுக்கும் போட முடியாது. மூணு வருஷம் படிச்ச படிப்பு அவங்க தலைக்குள்ள பத்திரமா இருக்கு. தாள்ல மட்டும் இல்லை. பிலிப்பா ஃபாசெட்டுக்கு நடந்தது வேற அநியாயம், அங்க விதியே தடுத்துது. இங்க விதி தடுக்கலை. பஸ் காசும், பிரசவமும், சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததும்தான் தடுத்துது. அதை நாம சரி பண்ண முடியும்.

பல்கலைக்கழகங்கள் அப்பப்போ பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு அறிவிக்கும். எந்த வருஷம் படிச்சவங்க வரைக்கும் எழுதலாம், எவ்வளவு கட்டணம்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பேப்பர்ல ஒரு மூலையில சின்னதா வரும், கடைசித் தேதி முடிஞ்சப்புறம்தான் நம்ம ஆளுங்க கண்ணுல படும். பாடத்திட்டம் மாறியிருந்தா எந்தப் பேப்பருக்குப் பதிலா எந்தப் பேப்பர் எழுதணும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கணும். இதைத்தான் மாணவர் அணித் தம்பிங்க செய்யப் போறாங்க. வாசல் பக்கத்துல ஒரு மேசை போட்டிருக்காங்க. பழைய மார்க் ஷீட்டோ ஹால் டிக்கெட்டோ இருந்தா கொண்டு வாங்க. ரெண்டும் தொலைஞ்சு போச்சா, பதிவு எண், சேர்ந்த வருஷம், காலேஜ் பேர், இதையாவது எழுதிக் கொடுங்க. அதை வச்சுப் பல்கலைக்கழகத்துல விசாரிக்கலாம். கட்சி பார்க்க மாட்டாங்க, யார் வேணா கொடுக்கலாம். இங்கிலீஷ் பேப்பர்ல நிக்கிறவங்க இருந்தா, ஞாயித்துக்கிழமை காலையில நான் இதே மண்டபத்துல உட்கார்ந்திருப்பேன். ஃபீஸ் கிடையாது. டீ நீங்க வாங்கிக் கொடுங்க.

பட்டம் வாங்கின பிள்ளைகளுக்கு ஒண்ணு. புரொவிஷனல் சான்றிதழ் வாங்கினதோட நிறுத்திடாதீங்க. பட்டமளிப்பு விழாவுக்குப் போக முடியலைன்னாலும், மூலப் பட்டச் சான்றிதழை விண்ணப்பிச்சு வாங்கி வீட்டுல வைங்க. பத்து வருஷம் கழிச்சு வெளிநாட்டு வேலைக்குக் கேட்கும்போது அலையாதீங்க.

சின்னம்மா என்ன ஆனாங்கன்னு கேட்பீங்க. போன தடவை சிறப்பு வாய்ப்பு வந்தப்போ பணம் கட்டினது மகள். தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல போன்ல ஒரு மணி நேரம் பாடம் எடுத்தது நான். பரீட்சை எழுதிட்டு வந்துட்டாங்க. வந்திருக்காங்க இன்னைக்கு, மக பக்கத்துலதான் உட்கார்ந்திருக்காங்க, என்னை முறைச்சுக்கிட்டு. ரிசல்ட் இன்னும் வரலை.

மேசை ராத்திரி எட்டு மணி வரைக்கும் இருக்கும்.